பாடம் 9: இலக்கமுறைக் கமராவைக் கணினியுடன் வடத்தால் இணைத்துப் படமெடுத்தல்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – செயன்முறை விளக்கமும் மாதிரி வினாவிடைகளும்

இப்பாடத்தைக் கற்று முடித்ததும் உங்களால்,

- இலக்கமுறைக் கமராவைக் கணினியுடன் சரியான ஒழுங்கில் இணைக்கவும்
- துறை, வடம், சாதனச் செலுத்தி, நடப்பொழுங்கு ஆகியவற்றின் பணிகளை விளக்கவும்
- படத்தின் பிரிதிறன், கோப்பின் அளவு, தரவு மாற்ற நேரம் ஆகியவற்றைக் கணிக்கவும்
- இணைப்பில் ஏற்படும் வழுக்களைக் காரணத்துடன் திருத்தவும்

முடிதல் வேண்டும்.

9.1 அறிமுகம்

மாணவர்களே! உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். சேலைகளுக்கு அடியில், பொலித்தீன் பையொன்றில், சில பழைய கடதாசிகள் இருக்கும். தாத்தாவின் பிரசாவுரிமைச் சான்றிதழ், அம்மாவின் பிறப்புச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதிக் கடிதம், தொழிற்சங்க அட்டை என்பன அவை. பார்வைக்குச் சாதாரணமான இக்கடதாசிகள் ஒரு குடும்பத்தின் உரிமைகளுக்குச் சான்றாக நிற்பவை.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலானோர் பிரசாவுரிமை அற்றோராயினர். இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 35 ஆம் இலக்கச் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றப்பட்டது. இடைப்பட்ட 55 ஆண்டுகளில் ஒரு கடதாசி கையில் இருந்ததும் இல்லாததும் பல குடும்பங்களின் வாழ்க்கையைத் தீர்மானித்தன என்பதை வரலாற்றுப் பாடத்தில் கற்றிருப்பீர்கள்.

சப்ரகமுவ மாகாணத்தில் இத்தகைய கடதாசிகளைப் பேணுவது எளிதன்று. இரத்தினபுரிப் பிரதேசம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழைவீழ்ச்சி பெறுவது. ஈரப்பதனால் கடதாசியில் பூஞ்சணம் படர்கிறது, கறையான் அரிக்கிறது. 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்தைப் பெருவெள்ளமும் மண்சரிவும் தாக்கின. 2016 மே 17 ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில், புளத்கொஹுப்பிட்டிய பிரதேசத்தின் களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணிற் புதையுண்டு உயிர்கள் பறிபோயின. அதே நாளில் அரநாயக்கவிலும் மலை சரிந்தது. இத்தகைய அனர்த்தத்தில் உயிர் தப்பியவருக்கும் வீட்டிலிருந்த ஆவணங்கள் மிஞ்சுவதில்லை.

எனவே ஆவணங்களைப் படமெடுத்துப் பிரதிகளாகச் சேமித்து வைத்தல் பயனுள்ள செயலாகும். இதனைப் பிழையின்றிச் செய்ய உதவும் முறையே இப்பாடத்தின் பொருளாகும்.

9.2 இணைப்புநிலைப் படப்பிடிப்பு என்றால் என்ன?

சாதாரணமாக நாம் கமராவால் படமெடுக்கும்போது படம் கமராவினுள் உள்ள நினைவக அட்டையில் பதிவாகும். பின்னர் அட்டையைக் கழற்றிக் கணினியில் இட்டுப் பார்க்கிறோம். அவ்வாறன்றி, கமராவை வடத்தினாற் கணினியுடன் இணைத்து வைத்துக்கொண்டே படமெடுத்து, எடுத்த படம் உடனுக்குடன் கணினித் திரையில் தோன்றி வன்தட்டிற் சேமிக்கப்படுமாறு செய்தல் இணைப்புநிலைப் படப்பிடிப்பு எனப்படும். ஆங்கிலத்தில் இதனை ‘டெதரிங்’ என்பர். ‘டெதர்’ என்பது ஆடு மாடுகளைக் கட்டும் கயிறு. வடம் இங்கே அக்கயிறு போன்றது.

இம்முறை புதியதன்று. 1991 இல் கொடாக் நிறுவனம் வெளியிட்ட டி.சி.எஸ். 100 என்னும் கமராவில் நைக்கொன் எஃப்3 கமராவின் உடல் பயன்படுத்தப்பட்டது. அதன் பிரிதிறன் 1.3 மெகாபிக்சல். படங்கள் கமராவினுட் சேமிக்கப்படவில்லை. தோளிற் சுமக்கும் தனிப் பெட்டியொன்றில் இருந்த 200 மெகாபைட்டு வன்தட்டிற்கு அவை வடத்தின் வழியே சென்றன.

இம்முறையால் ஏற்படும் நன்மைகள்

1. கமராவின் சிறிய திரையிற் புலப்படாத பிழைகள் கணினியின் பெரிய திரையிற் புலப்படும்.
2. பிழை கண்டவுடனேயே மீண்டும் படமெடுக்கலாம்.
3. கமராவைத் தொடாமற் கணினியிலிருந்தே படமெடுக்கலாம். இதனாற் கமரா அசையாது.
4. கோப்புகளுக்கு ஒழுங்கான பெயர்களை அப்பொழுதே இடலாம்.

இவற்றுள் இரண்டாவது நன்மையே மிக முக்கியமானது. ஓர் உதாரணத்தால் இதனை விளங்கிக்கொள்ளலாம். கொழுந்து நிறுக்கும் இடத்திற் கூடை தராசில் தொங்கும்போதே முள்ளைப் பார்த்துவிட வேண்டும். நிறையிற் சந்தேகம் இருந்தால் அப்பொழுதே கேட்கலாம். கொழுந்து லொறியில் ஏறித் தொழிற்சாலைக்குப் போன பின்னர் எதைக் கேட்டும் பயனில்லை. ஆவணத்தைப் படமெடுப்பதும் இத்தகையதே. மேசைமீது கடதாசி இருக்கும்போதே படத்தைச் சரிபார்க்க வேண்டும். மாலையில் அது உரியவரின் வீட்டுக்குத் திரும்பிவிடும். அடுத்த மழைக்காலத்திற்குப் பின் அக்கடதாசி இருக்குமா என்பதை எவராலும் கூற முடியாது.

9.3 தேவையான வன்பொருள்களும் மென்பொருள்களும்

*(அ) கமரா.* இலக்கமுறைக் கமரா ஓர் உள்ளீட்டுச் சாதனமாகும். வில்லையினூடாக வரும் ஒளியை உணரி மின் சைகையாக மாற்ற, அது இலக்கமுறைத் தரவாக்கப்படுகிறது. எல்லாக் கமராக்களும் இணைப்புநிலையில் இயங்குவதில்லை. வில்லையை மாற்றக்கூடிய கமராக்களுட் பலவற்றில் இவ்வசதி உண்டு. சிறிய சட்டைப்பைக் கமராக்கள் பலவற்றில் இல்லை. கைந்நூலைப் பார்த்து உறுதிசெய்க.

*(ஆ) வடமும் துறையும்.* கணினியில் வடம் பொருந்தும் இடம் துறை எனப்படும். இங்குப் பயன்படுவது அகிலத் தொடர் பாட்டை, அதாவது யூ.எஸ்.பி. துறையாகும். அதன் பதிப்புகளின் உச்சக் கோட்பாட்டு வேகங்களை மனனஞ் செய்துகொள்க.

- யூ.எஸ்.பி. 1.1 (1998): செக்கனுக்கு 12 மெகாபிட்டு
- யூ.எஸ்.பி. 2.0 (2000): செக்கனுக்கு 480 மெகாபிட்டு
- யூ.எஸ்.பி. 3.0 (2008): செக்கனுக்கு 5 கிகாபிட்டு

நடைமுறையில் வேகம் இவற்றிலும் குறைவாகவே இருக்கும். யூ.எஸ்.பி. 2.0 வடத்தின் நீளம் 5 மீற்றருக்கு மேற்படலாகாது. நீளம் கூடினாற் சைகை நலிந்து இணைப்பு இடையிடையே அறுபடும்.

*(இ) நடப்பொழுங்கு.* இரு சாதனங்கள் தரவைப் பரிமாறிக்கொள்வதற்கான விதித்தொகுதியே நடப்பொழுங்காகும். கமராவுக்கும் கணினிக்கும் இடையே படமாற்ற நடப்பொழுங்கு, சுருக்கமாக பி.ரி.பி., பயன்படுகிறது. இது ஐ.எஸ்.ஓ. 15740 எனும் சர்வதேச நியமமாகும். இதன் மூலம் படங்கள் கணினிக்கு வருவதுடன், ‘படமெடு’ என்னும் கட்டளை கணினியிலிருந்து கமராவுக்குச் செல்வதும் இயலும்.

*(ஈ) மென்பொருள்.* கமராவைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் கணினியில் இருத்தல் வேண்டும். கெனன் கமராக்களுக்கு இ.ஓ.எஸ். யூட்டிலிட்டி, நைக்கொனின் புதிய கமராக்கள் பலவற்றுக்கு என்.எக்ஸ். டெதர் ஆகியவற்றை அந்நிறுவனங்கள் இலவசமாக வழங்குகின்றன. விண்டோஸ் பணிசெயல் முறைமைக்கு டிஜிகேம்கொன்ட்ரோல், லினக்ஸ் முறைமைக்கு ஜீபோட்டோ, என்டாங்கிள் ஆகியன திறந்த மூல மென்பொருள்கள். உங்கள் கமராவின் மாதிரி மென்பொருளின் ஆதரவுப் பட்டியலில் உள்ளதா என்பதை முதலிற் பார்க்க வேண்டும்.

*(உ) துணைப் பொருள்கள்.* உறுதியான முக்காலி அல்லது கமராவைக் கீழ்நோக்கிப் பொருத்தும் தாங்கி, ஒரேவகையான இரண்டு மின்விளக்குகள், கறுப்புத் துணி, சாம்பல் நிற அட்டை, அளவுகோல், ஒட்டு நாடா.

9.4 செயன்முறை

படி 1: இடத்தை ஆயத்தஞ் செய்தல்

மேசையிற் கறுப்புத் துணியை விரித்து, அதற்கு மேலே கமராவின் வில்லை நேரே கீழ்நோக்குமாறு பொருத்துக. வில்லைக்கும் கடதாசிக்கும் இடையே சாய்வு இருக்கலாகாது. சாய்ந்தால் சதுரமான பக்கம் சரிவகமாகத் தெரியும். இரு விளக்குகளையும் இரு பக்கத்திலும் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் வைக்க. பிளாஷ் பயன்படுத்தலாகாது, அது கடதாசியின் நடுவில் வெண்புள்ளியை ஏற்படுத்தும். மலைப் பிரதேசத்தில் வெயிலும் மூடுபனியும் மாறி மாறி வருவதால் யன்னல் ஒளி நிலையாக இருப்பதில்லை. ஆகவே யன்னல் திரையை மூடிவிடுக.

படி 2: கமராவை ஆயத்தஞ் செய்தல்

- மின்கலத்தை முழுமையாக மின்னேற்றுக. இயலுமாயின் மின்னிணைப்புக் கருவியைப் பயன்படுத்துக.
- தானாக அணையும் வசதியை நிறுத்துக.
- யூ.எஸ்.பி. பயன்முறையைத் தெரிவுசெய்யும் வசதி இருப்பின் பி.ரி.பி. என்பதைத் தெரிவுசெய்க. சேமிப்பகப் பயன்முறையிற் கமரா வெறும் பென் டிரைவ் போலவே தோன்றும். கணினியிலிருந்து படமெடுக்க இயலாது.
- வைஃபை வசதியை நிறுத்துக. சில கமராக்களில் வைஃபை இயங்கும்போது வட இணைப்பு இயங்குவதில்லை.
- திகதியையும் நேரத்தையும் சரிசெய்க. இவை ஒவ்வொரு கோப்பிலும் பதிவாகும்.
- கைமுறைப் பயன்முறையைத் தெரிவுசெய்து, ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 8 என அமைக்க. சட்டர் வேகத்தைப் பரீட்சார்த்தப் படங்களைக் கொண்டு தீர்மானிக்க.
- சாம்பல் அட்டையைப் படமெடுத்து வெண்சமநிலையை அமைக்க. அப்பொழுதே மஞ்சளாகிய கடதாசி அதன் உண்மை நிறத்திற் பதிவாகும்.
- கோப்பு வடிவமாக ‘ரோ’ எனும் பண்படா வடிவத்தையும் ஜேபெக் வடிவத்தையும் ஒருங்கே தெரிவுசெய்க. இடம் போதாவிடின் உயர் தர ஜேபெக் போதுமானது.

படி 3: கணினியை ஆயத்தஞ் செய்தல்

மென்பொருளை முதலில் நிறுவுக; பின்னரே வடத்தை இணைக்க. மென்பொருளுடன் சாதனச் செலுத்தி தரப்படுமாயின் அதுவும் அப்பொழுதே நிறுவப்படும். கணினி துயில்நிலைக்குச் செல்லாதவாறு அமைக்க. வன்தட்டிற் போதிய இடம் உள்ளதா எனப் பார்க்க. படங்களுக்கென ஒரு கோப்புறையை உருவாக்கி, மென்பொருளில் அதனைச் சேமிக்கும் இடமாகக் காட்டுக.

கோப்பின் பெயரை ‘ஆவண எண்_பக்க எண்’ என அமைப்பது நன்று. உதாரணமாக 017_02 என்பது 17 ஆம் ஆவணத்தின் 2 ஆம் பக்கத்தைக் குறிக்கும். உரிமையாளரின் பெயரைக் கோப்பின் பெயரில் இடாமல், எந்த எண் எந்தக் குடும்பத்துக்குரியது என்பதைத் தனிக் கொப்பியொன்றில் எழுதி வைக்க.

படி 4: இணைத்தல்

1. கமராவை அணைத்து வைக்க.
2. வடத்தின் ஒரு முனையைக் கமராவிலும் மறு முனையைக் கணினியின் துறையில் நேரடியாகவும் செருகுக. மின்வழங்கல் அற்ற கிளைப்பியைப் பயன்படுத்தலாகாது.
3. வடத்தை முக்காலியின் காலிலும் மேசையின் ஓரத்திலும் நாடாவால் ஒட்டுக. எவரேனும் வடத்தில் இடறினால் கமராவின் துறை உடையாமலும் கமரா ஆவணத்தின்மீது விழாமலும் இது காக்கும்.
4. கமராவை இயக்குக. தானாகத் திறக்கும் ‘படங்களை இறக்குக’ என்னும் சாளரத்தை மூடிவிடுக. ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளே கமராவைக் கையாள முடியும்.
5. படப்பிடிப்பு மென்பொருளைத் திறக்க. கமராவின் மாதிரிப் பெயர் திரையில் தோன்றினால் இணைப்பு வெற்றியாகும்.

படி 5: பரீட்சார்த்தப் படமும் சரிபார்த்தலும்

முதலில் ஒரு பழைய செய்தித்தாளை வைத்துப் படமெடுக்க. தானியங்கிக் குவியத்தால் எழுத்துகளைக் கூர்மையாக்கிய பின், குவியத்தைக் கைமுறைக்கு மாற்றுக. இல்லாவிடின் ஒவ்வொரு படத்திலும் குவியம் மாறக்கூடும். தடித்த புத்தகமாயின் சில பக்கங்களுக்கு ஒருமுறை மீண்டும் குவியப்படுத்துக.

பின்னர் ஆவணத்தை வைத்து, அளவுகோலை அதன் ஓரத்தில் வைத்துக் கணினியிலிருந்து படமெடுக்க. படம் தோன்றியதும் அதனை 100 சதவீதத்துக்குப் பெருப்பித்து, பின்வரும் நான்கையும் பார்க்க.

- நான்கு மூலைகளிலும் எழுத்து கூர்மையாக உள்ளதா?
- இலக்கங்களும் முத்திரையும் கையொப்பமும் வாசிக்கக்கூடியனவா?
- எங்கேனும் ஒளித் தெறிப்போ நிழலோ உண்டா?
- நான்கு ஓரங்களும் முழுமையாக அகப்பட்டனவா?

நான்கிற்கும் விடை சரியாக அமைந்த பின்னரே கடதாசியை மேசையிலிருந்து எடுத்தல் வேண்டும். பின்பக்கத்தையும் மறவாது படமெடுக்க. பழைய சான்றிதழ்களின் பின்புறத்தில் முத்திரைகளும் குறிப்புகளும் இருப்பதுண்டு.

கவனிக்க: கைகள் உலர்ந்தும் சுத்தமாகவும் இருத்தல் வேண்டும். மடிப்பில் ஒட்டிய கடதாசியை வலிந்து பிரிக்கலாகாது. கிழிந்த இடத்தில் ஒட்டு நாடா ஒட்டலாகாது. நொறுங்கும் கடதாசியின்மீது கண்ணாடி வைத்து அழுத்தலாகாது.

9.5 வழுக்களும் திருத்தங்களும்

*வழு: கணினி கமராவை இனங்காணவில்லை.* காரணங்கள்: கமரா அணைந்திருத்தல், வடம் மின்னேற்றத்திற்கு மட்டும் உரியதாக இருத்தல், யூ.எஸ்.பி. பயன்முறை பிழையாக இருத்தல், வைஃபை இயங்குதல். கைத்தொலைபேசிகளுடன் வரும் சில வடங்களிற் தரவுக் கம்பிகள் இல்லை. வேறொரு வடத்தையும் வேறொரு துறையையும் பயன்படுத்திப் பார்க்க.

*வழு: இனங்காண்கிறது, ஆனால் படமெடுக்க இயலவில்லை.* வேறொரு மென்பொருள் கமராவைப் பிடித்து வைத்திருக்கலாம். அதனை மூடுக. கமராவின் மாதிரி ஆதரவுப் பட்டியலில் இல்லாமலும் இருக்கலாம்.

*வழு: இடையிடையே இணைப்பு அறுபடுகிறது.* வடம் நீளமாகவோ தளர்வாகவோ இருத்தல், மின்கலம் குறைதல், கணினி துயில்நிலைக்குச் செல்லல் என்பன காரணங்களாகும்.

*வழு: படம் திரைக்கு வரத் தாமதமாகிறது.* ரோ கோப்பு பெரியதாக இருத்தல் அல்லது வேகம் குறைந்த துறையில் இணைத்திருத்தல் காரணமாகும்.

*வழு: படம் தெளிவற்று உள்ளது.* கமரா அசைந்திருக்கலாம். 2 செக்கன் தாமத வசதியைப் பயன்படுத்துக. மரப்பலகைத் தரையாயின் படமெடுக்கும்போது எவரும் நடக்கலாகாது.

பாதுகாப்பு: மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் சப்ரகமுவவில் பிற்பகல் வேளையில் இடிமின்னல் மிகுதி. வேலையை முற்பகலில் வைத்துக்கொள்க. இடி கேட்டதும் மின்செருகிகளைக் கழற்றிவிடுக. மடிகணினி மின்கலத்தில் இயங்குவதால், திடீர் மின்தடையின்போதும் திறந்திருக்கும் கோப்புகள் பழுதடையா. வேலை முடிந்ததும் கமராவைச் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் வைக்க. ஈரப்பதனால் வில்லையிலும் பூஞ்சணம் பிடிக்கும்.

9.6 பிரதிகளைப் பேணுதலும் அந்தரங்கத்தைக் காத்தலும்

ஒரே பென் டிரைவில் இரு கோப்புறைகளாக வைத்தால் அவை இரு பிரதிகள் ஆகா. பென் டிரைவ் தொலைந்தால் இரண்டும் தொலையும். ஒரு பிரதி குடும்பத்தினரிடமும் மற்றையது வேறோர் ஊரிலுள்ள உறவினரிடமும் இருப்பது நன்று. மண்சரிவு ஓர் இடத்தைத் தாக்கினும் மற்றைய இடத்திற் பிரதி எஞ்சும்.

ஆவணத்தின் உரிமையாளரிடம் அனுமதி பெற்ற பின்னரே படமெடுத்தல் வேண்டும். தேசிய அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, முகவரி ஆகியன அந்தரங்கத் தகவல்கள். இவற்றைச் சமூக வலைத்தளங்களில் இடலாகாது. வேலை முடிந்து உரியவரிடம் பிரதிகளைக் கையளித்த பின், பாடசாலைக் கணினியிலும் கமராவின் அட்டையிலும் உள்ளவற்றை அழித்துவிடுக.

இப்பிரதியின் பயன் யாது? படப்பிரதி சட்டப்படி அத்தாட்சிப்படுத்திய பிரதி ஆகாது என்பதை மனதிற் கொள்க. பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளைப் பதிவாளர் திணைக்களத்தின் ஊடாகவே பெறல் வேண்டும். எனினும் விண்ணப்பிக்கும்போது பதிவிலக்கமும் திகதியும் தெரிந்திருந்தாற் பதிவேட்டிற் தேடுதல் எளிதாகும். மூலச் சான்றிதழ் மண்ணோடு போனவருக்கு அந்த இலக்கத்தைத் தெளிவாகக் காட்டும் ஒரு படம் பேருதவியாகும். பதிவிலக்கம் மங்கிய படத்தால் அவ்வுதவி கிட்டாது.

பெரிய அளவிலும் இத்தகைய பணி நடைபெறுகிறது. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் இணைய நூலகம், இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்கள், பத்திரிகைகள், ஆவணங்கள் ஆகியவற்றை இலக்கமுறைப்படுத்தி வருகிறது. மலையகம் சார்ந்தனவும் அவற்றுள் அடங்கும். 2004 இல் பிரித்தானிய நூலகம் தொடங்கிய அருகிவரும் ஆவணகங்களுக்கான திட்டத்தின் விதிப்படி, மூல ஆவணம் அது தோன்றிய நாட்டிலேயே இருக்கும். படப்பிரதியே வெளியே செல்லும். கடதாசி உரியவரிடமே இருக்க வேண்டும் என்னும் நெறி உங்கள் பாடசாலைக்கும் பொருந்தும்.

9.7 மாதிரி வினாவிடைகள்

பகுதி 1: பல்தேர்வு வினாக்கள்

1. இலக்கமுறைக் கமரா எவ்வகைச் சாதனம்?
(1) வெளியீட்டுச் சாதனம் (2) உள்ளீட்டுச் சாதனம் (3) முறைவழியாக்கச் சாதனம் (4) தொடர்பாடல் ஊடகம்
விடை: 2

2. யூ.எஸ்.பி. 2.0 துறையின் உச்சக் கோட்பாட்டு வேகம்,
(1) செக்கனுக்கு 12 மெகாபிட்டு (2) செக்கனுக்கு 480 மெகாபைட்டு (3) செக்கனுக்கு 480 மெகாபிட்டு (4) செக்கனுக்கு 5 கிகாபிட்டு
விடை: 3. பிட்டுக்கும் பைட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க. 8 பிட்டு = 1 பைட்டு.

3. கணினியிலிருந்து கமராவை இயக்கிப் படமெடுப்பதற்குத் தெரிவுசெய்ய வேண்டிய பயன்முறை,
(1) சேமிப்பகப் பயன்முறை (2) பி.ரி.பி. (3) வைஃபை (4) மின்னேற்றம்
விடை: 2

4. படப்பிடிப்பு மென்பொருளைத் திறந்தபோது கமரா கிடைக்கவில்லை. ஆனால் ‘படங்களை இறக்குக’ என்னும் சாளரத்திற் கமராவின் பெயர் தெரிகிறது. மிகப் பொருத்தமான காரணம்,
(1) வடம் அறுந்துள்ளது (2) மின்கலம் முடிந்துள்ளது (3) வேறொரு மென்பொருள் கமராவைப் பயன்படுத்துகிறது (4) வன்தட்டு நிரம்பியுள்ளது
விடை: 3. பெயர் தெரிவதால் வடமும் மின்கலமும் சரியாக உள்ளன எனக் கொள்ளலாம்.

பகுதி 2: அமைப்புக் கட்டுரை வினா

எட்டியாந்தோட்டைப் பகுதியிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றின் மாணவர்கள் ஏ4 அளவுள்ள 160 பக்கங்களைப் படமெடுக்கத் திட்டமிடுகின்றனர். அவர்களது கமராவின் படம் 3888 × 2592 பிக்சல் அளவுடையது. ஒரு கோப்பின் அளவு 25 மெகாபைட்டு எனக் கொள்க.

(அ) கமராவின் பிரிதிறனை மெகாபிக்சலிற் தருக.

விடை: 3888 × 2592 = 10,077,696 பிக்சல். அதாவது ஏறத்தாழ 10.1 மெகாபிக்சல்.

(ஆ) படச் சட்டகத்தின் குறுகிய பக்கம் மேசையில் 23 சென்ரிமீற்றரை உள்ளடக்குகிறது. ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் தேவையாயின் இவ்வமைப்பு போதுமானதா?

விடை: 23 ÷ 2.54 = 9.06 அங்குலம்.
2592 ÷ 9.06 = 286 பிக்சல் (ஏறத்தாழ).
இது 300 இலும் குறைவு. ஆகவே போதாது.
300 பெறுவதற்கு, 2592 ÷ 300 = 8.64 அங்குலம். அதாவது 21.9 சென்ரிமீற்றர்.
ஏ4 தாளின் அகலம் 21.0 சென்ரிமீற்றர். எனவே கமராவைச் சற்றுக் கீழே இறக்கி, சட்டகத்தின் குறுகிய பக்கம் 21.9 சென்ரிமீற்றருக்கு மேற்படாதவாறு அமைத்தல் வேண்டும்.

(இ) ஒரு கோப்பு கணினிக்கு மாற்றப்பட எடுக்கும் மிகக் குறைந்த நேரத்தை யூ.எஸ்.பி. 1.1, யூ.எஸ்.பி. 2.0 ஆகியவற்றுக்குக் கணிக்க.

விடை: 25 மெகாபைட்டு × 8 = 200 மெகாபிட்டு.
யூ.எஸ்.பி. 1.1: 200 ÷ 12 = 16.7 செக்கன்.
யூ.எஸ்.பி. 2.0: 200 ÷ 480 = 0.42 செக்கன்.

160 பக்கங்களுக்கு முதலாவதில் ஏறத்தாழ 44 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். இரண்டாவதில் ஏறத்தாழ 67 செக்கன் போதும். பழைய கணினியைப் பயன்படுத்துவோர் துறையின் பதிப்பைப் பார்ப்பது ஏன் அவசியம் என்பது இதனாற் புலப்படும்.

(ஈ) எல்லாப் படங்களையும் சேமிக்கத் தேவையான இடம் யாது? 8 கிகாபைட்டுப் பென் டிரைவ் ஒன்றிலேயே இரு பிரதிகளையும் வைக்கலாம் என ஒரு மாணவன் கூறுகிறான். இது பற்றிக் கருத்துரைக்க.

விடை: 160 × 25 = 4000 மெகாபைட்டு. அதாவது ஏறத்தாழ 4 கிகாபைட்டு. இரு பிரதிகளுக்கு ஏறத்தாழ 8 கிகாபைட்டு தேவை. பென் டிரைவில் இடம் மட்டுமட்டாகவே இருக்கும். இடம் இருப்பினும் இது ஏற்புடையதன்று. ஒரே சாதனம் பழுதடைந்தால் இரு பிரதிகளும் இழக்கப்படும். இரு பிரதிகளும் வெவ்வேறு சாதனங்களில், வெவ்வேறு இடங்களில் இருத்தல் வேண்டும்.

(உ) நினைவக அட்டையிற் படமெடுத்துப் பின்னர் பார்ப்பதிலும் இணைப்புநிலையிற் படமெடுப்பது ஆவணங்களுக்கு ஏன் சிறந்தது? இரு காரணங்கள் தருக.

விடை: ஆவணம் மேசைமீது இருக்கும்போதே பெரிய திரையிற் பிழையைக் கண்டு திருத்தலாம். கமராவைக் கையால் தொடாமையால் அசைவு ஏற்படாது.

பரீட்சை எழுதுவோர் கவனத்திற்கு: கணிப்பு வினாக்களில் அலகை எழுதாவிடின் புள்ளி குறையும். பிட்டு, பைட்டு இரண்டையும் மாறி எழுதுவதே மாணவர் பலர் விடும் தவறாகும். காரணம் கேட்கப்படும் வினாவுக்குச் சாதனத்தின் பெயரை மாத்திரம் எழுதி நிறுத்தற்க.

9.8 நினைவிற் கொள்க

- மென்பொருளை நிறுவிய பின் வடத்தை இணைக்க.
- துயில்நிலை, தானாக அணைதல், வைஃபை ஆகிய மூன்றையும் நிறுத்துக.
- வடம் 5 மீற்றருக்கு மேற்படலாகாது; அதனை நாடாவால் நிலைப்படுத்துக.
- 100 சதவீதத்திற் சரிபார்த்த பின்னரே கடதாசியை எடுக்க.
- இரு பிரதிகள், இரு சாதனங்கள், இரு இடங்கள்.

செயற்பாடு: பெற்றோரின் அனுமதியுடன் உங்கள் வீட்டிலுள்ள ஆவணங்களைப் பட்டியலிடுக. ஆவணத்தின் வகை, வழங்கப்பட்ட ஆண்டு, தற்போதைய நிலை ஆகிய மூன்றையும் குறிக்க. அவற்றுள் முதலிற் படமெடுக்க வேண்டியது எது எனத் தீர்மானித்து, அதற்கான காரணத்தை இரு வாக்கியங்களில் எழுதுக. பாடசாலையிற் கமரா இல்லாவிடினும் இப்பட்டியலை இன்றே எழுதி வைக்கலாம்.